அக்கா கொடுக்கிறாளாம்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 61 வயது. பெருங்குடலில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. வெட்டியெடுக்க முடியாதாம். கீமோவில் நோய் கட்டுப்பட்டிருப்பதால் கல்லீரல் மாற்று பற்றி யோசிக்கலாம் என்கிறார் டாக்டர். புற்று முற்றியவருக்காக ஒரு உறுப்பைச் செலவழிப்பது நியாயமா? ஜோசியர் வேறு வேண்டாம் என்கிறார். அக்கா, தான் கொடுப்பதாகச் சொல்லிவிட்டாள். குழப்பமாக இருக்கிறது.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

கீமோவில் அப்பாவுக்கு நாக்கு ருசி போயிருக்கும். என்ன கேட்கிறாரோ அதைச் செய்து கொடுங்கள். ஜோசியரை விடுங்கள், அவருக்கு ஸ்கேன் பார்க்கத் தெரியாது.

நியாயமா என்றால், ஒரு காலத்தில் வீண் வேலை என்றுதான் சொன்னார்கள். 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ட்ரான்ஸ்மெட் ஆய்வு அதை மாற்றியது. ஐரோப்பாவில் 94 பேர், எல்லோருக்கும் உங்கள் அப்பாவுக்கு வந்த அதே நோய். கீமோ மட்டும் என்று ஒதுக்கப்பட்டவர்களில் ஐந்தாண்டு தாண்டியோர் நூற்றுக்குச் சுமார் 13. கல்லீரல் மாற்றும் சேர்ந்த பிரிவில் சுமார் 57. ஆனால் அவர்கள் சல்லடையில் சலித்தெடுத்தவர்கள்: கல்லீரலைத் தாண்டி நோய் போயிருக்கக்கூடாது, கீமோவுக்கு மாதக்கணக்கில் அடங்கியிருக்கவேண்டும். அப்படியும் மாற்றிய பலருக்கு நோய் திரும்பியது. அப்பா அதில் தேறுவாரா என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

என்னை உறுத்தியது அக்காவைப் பற்றிய அந்த ஒற்றை வரிதான். பல நாளாகவே எழுத நினைத்திருந்த விஷயம் இது. அந்த ஆய்வில் கல்லீரல் இறந்தவர்களிடமிருந்து வந்தது. வரிசையில் நிற்கும் இன்னொரு நோயாளியின் பங்கை இவருக்குத் தரலாமா என்பதுதான் அங்கே கேள்வி. நம் ஊரில் கல்லீரல் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. 1998இல் இந்தியாவில் முதன்முதலாக வெற்றிபெற்ற குழந்தைக் கல்லீரல் மாற்றில், காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குக் கொடுத்தவர் அப்பா. இன்று யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். மனைவி, அம்மா, மகள். வாங்குவது பெரும்பாலும் ஆண்கள்.

உங்களுக்கும் ஒரு கல்லீரல் இருக்கிறதே, பரிசோதித்துப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அறத்தைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்கிறீர்கள்!

என் சித்தப்பா வீட்டிலும் இது நடந்தது. ஹாலில் உறவுக்கூட்டம். அவர் மகள் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். "இவளுக்கும் அதே பிளட் குரூப்தானே?" என்றார் ஒரு பெரியவர். டபராத் தட்டைக் கீழே வைக்காமலே "சரி" என்றாள். சம்மதம் வாங்கியாயிற்று என்றார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன்பின் வெகுநாள் அவளால் தன் குழந்தையை இடுப்பில் தூக்க முடியவில்லை. விசாரிக்க வந்தவர்களெல்லாம் சித்தப்பாவைத்தான் விசாரித்தார்கள்.

வலது பாகத்தை எடுத்தால் பாதிக்கு மேல் போய்விடும். சில மாதங்களில் வளர்ந்துவிடும், உண்மைதான். ஆனால் கொடுத்தவரே இறந்ததும் உண்டு. அரிது, சில நூறு பேரில் ஒருவர். அப்பாவுக்கு நோய் திரும்பலாம் என்று தெரிந்தே அந்த அபாயத்தில் இறங்குவதென்றால், அதை அக்காவேதான் முடிவு செய்யவேண்டும்.

நல்ல மருத்துவமனைகளில் கொடுப்பவரைத் தனியே உட்காரவைத்துப் பேசுவார்கள். அவள் தயங்கினால் வீட்டாரிடம் "பொருந்தவில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அப்படிச் சொன்னால் துருவாதீர்கள். அந்த அறைக்குள் அம்மாவும் போகக்கூடாது, நீங்களும் போகக்கூடாது.

அதற்கு முன்னால் போய் உங்கள் ரத்தத்தைக் கொடுத்து, ஸ்கேனும் எடுத்துவிட்டு எழுதுங்கள். அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அக்காவையும்.