'வாரம் 2 செஷன்' என்று எழுதினால் போதுமா?

ஸ்பீச் தெரபி திட்டத்தில் சிகிச்சையின் அளவை எப்படிக் குறிப்பது என்று வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: மேடம், எங்கள் சென்டரில் 'வாரம் 2 முறை, 45 நிமிடம்' என்றுதான் எழுதுகிறோம். போதாதா?

பதில்: பிள்ளை உங்கள் அறையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. செருப்பைக் கழற்றியது, அழுகையை நிறுத்தியது, அம்மாவிடம் பேசியது எல்லாம் அந்த 45 நிமிடத்தில் சேர்த்திதானே! வாரன், ஃபே, யோடர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2007இல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு செஷனில் இலக்கை எத்தனை முறை பயிற்சி செய்கிறோம் (இதுதான் டோஸ்), வாரத்துக்கு எத்தனை செஷன், மொத்தம் எத்தனை வாரம். மூன்றையும் பெருக்கினால் மொத்த அளவு வந்துவிடும். 'காக்கா'வை 'தாத்தா' என்கிற பிள்ளைக்கு 'க' வரும் சொற்களை செஷனுக்கு 60 முறை சொல்ல வைக்கிறீர்கள். வாரம் 2 செஷன், 12 வாரம் என்றால் 1,440. படத்தைக் காட்டிச் சொல்ல வைத்தீர்களா, விளையாட்டின் நடுவே சொல்ல வைத்தீர்களா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

கேள்வி: எண்ணிக்கொண்டே எப்படி விளையாட்டுக் காட்டுவது?

பதில்: 60 புளியங்கொட்டை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறை சொன்னதும் பிள்ளையே ஒன்றை டப்பாவில் போடட்டும். மிச்சத்தைப் பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும். (எதையும் வாயில் போடும் வயசென்றால் வேண்டாம், நீங்களே பேப்பரில் கோடு போடுங்கள்.)

கேள்வி: பார்கின்சன் உள்ளவர் வாரம் ஒருமுறைதான் வர முடியும் என்கிறார். திட்டத்தில் எல்.எஸ்.வி.டி. லவுட் (பார்கின்சன் உள்ளவர்களைச் சத்தமாகப் பேசப் பழக்கும் சிகிச்சை முறை) என்று எழுதலாமா?

பதில்: கூடாது. அது வாரம் 4 நாள், 4 வாரம், ஒரு மணி நேர செஷன்கள் 16. அந்த அளவும் முறையின் ஒரு பகுதிதான். செய்ததை 'சத்தத்தைக் கூட்டும் குரல் பயிற்சி, வாரம் ஒருமுறை' என்று எழுதுங்கள்.

கேள்வி: பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. தினமும் தெரபி வைத்தால் சீக்கிரம் தேறுவாரா?

பதில்: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2016 ஆய்வுத் தொகுப்பில், அதிக அளவில் சிகிச்சை பெற்றவர்கள் அன்றாடப் பேச்சில் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஆனால் பாதியில் விட்டுப் போனவர்களும் அவர்களில்தான் அதிகம். அப்பா எவ்வளவு தாங்குவார் என்று தெரபிஸ்டிடம் பேசி, அந்த அளவைத் திட்டத்தில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: லீவு போட்ட நாட்களை என்ன செய்வது?

பதில்: திட்டமிட்டது ஒரு கட்டம், நடந்தது பக்கத்துக் கட்டம். 24 செஷனில் 15தான் நடந்தது, அதிலும் டோஸ் 60க்குப் பதில் 30 என்றால் மொத்தம் 450. 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதி முறையை மாற்றப் போகுமுன் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். நானே இரண்டு முறை பார்க்காமல் மாற்றியிருக்கிறேன்.