ஆழத்து மீனைத் திருப்பி விட்டால் அது பிழைக்குமா?

கேள்வி: நாங்கள் ஆறு சிறு படகுக்காரர்கள். கரையோரத்தில் மீன் குறைந்துபோனதால் மூன்று ஆண்டுகளாகக் கடற்சரிவில் 200 முதல் 300 மீட்டர் ஆழத்தில் தூண்டில் போட்டுச் செப்பிலியும் களவாவும் பிடிக்கிறோம். ஒரு நடைக்குக் கிடைக்கும் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் மீன் சிறுத்துக்கொண்டே வருகிறது. சிறுமீனைக் கடலிலேயே விட்டுவிடலாம் என்று எங்களுக்குள் பேசியிருக்கிறோம். அது போதுமா? எங்களிடம் மீன் எடுக்கும் வியாபாரி, தூண்டில் இழுக்கும் மின்சார உருளை வாங்க முன்பணம் தருகிறேன், ஆழத்துச் சுறாவின் ஈரலையும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: போதாது. முன்பணத்தையும் வாங்காதீர்கள். இரண்டும் தனித்தனிக் கேள்வி போலத் தோன்றினாலும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன.

முதலில் திருப்பி விடும் விஷயம். 250 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் மேலே இருப்பதைப் போல ஏறக்குறைய 26 மடங்கு. செப்பிலி, களவா போன்ற மீன்களின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. சில நிமிடங்களில் மேலே இழுத்துவிட்டால் அந்தப் பை ஊதிப்போய், பக்கத்தில் இருக்கும் உறுப்புகளை எல்லாம் நெட்டித் தள்ளும். மீனின் வாயில் இளஞ்சிவப்பாக ஏதோ துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை நாக்கு என்று நினைக்கிறார்கள். அது இரைப்பை. கண்ணும் பிதுங்கியிருக்கும். இந்த நிலையில் தண்ணீரில் விட்டால் மீனால் கீழே போக முடியாது. வயிறு மேலே இருக்க மிதக்கும், பறவை கொத்தும். நீங்கள் மீனை விட்டுவிட்டதாக நினைப்பீர்கள், அது செத்துப்போயிருக்கும். ‘இந்த அளவுக்குக் கீழே இருந்தால் விட்டுவிடு’ என்பது கரைக்கடலுக்காக வந்த விதி. ஆழத்துக்கு அதை அப்படியே பெயர்த்து எழுதியவர்கள் ஒரு முறையாவது அந்த மீன் மேலே வருவதைப் பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. எண்ணெய் நிறைந்த ஈரல்தான் அதை மிதக்க வைக்கிறது, எண்ணெய் காற்றைப் போல ஊதாது. ஆகவே ஆழத்துச் சுறா மாட்டினால் அதைத் திருப்பி விடுவதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் எப்படி விடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம். படகுக்குள் தூக்காதீர்கள். வாலைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். தண்ணீரில் தாங்கிப் பழகிய உள்ளுறுப்புகள் அந்தத் தொங்கலில் கிழிந்துவிடும். கொக்கியால் குத்தி இழுக்காதீர்கள். படகின் ஓரத்திலேயே வைத்து, தூண்டில் முள்ளுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகத் தூண்டில் நரம்பை அறுத்துவிடுங்கள். முள்ளை மீட்க வேண்டும் என்று போராடும் இரண்டு நிமிடத்தில் அதன் உயிர் போய்விடும். வெயிலில் கிடந்து, தோல் காய்ந்து, செவுள் அசையாமல் போன சுறாவைக் கடலில் போடுவது வெறும் மனத்திருப்திக்குத்தான். இரவெல்லாம் ஊறிய தூண்டிலில் பல மணி நேரம் மாட்டிக் கிடந்த சுறாவுக்கும் இது பெரிதாக உதவாது. தூண்டில் போட்டுச் சீக்கிரம் எடுப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும் விலக்கு இது. காற்றுப்பை உள்ள மீனை ஈயக்குண்டு கட்டிய தலைகீழ் முள்ளில் மாட்டி மறுபடி ஆழத்தில் இறக்கிவிடும் முறையும் இருக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். நீங்கள் போகும் ஆழத்தில் அதை நம்பி மீன் பிடிக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்வியிலேயே என்னைக் கலங்கவைத்த வரி: ‘எடை பெரிதாகக் குறையவில்லை.’ மூன்று ஆண்டுக்கு முன் எத்தனை முள் போட்டீர்கள், இப்போது எத்தனை? அன்று எத்தனை கடலடிக் குன்றுகளில் மீன் பிடித்தீர்கள், இன்று எத்தனை? ஆழத்து மீன் அந்தக் குன்றுகளிலும் சரிவின் விளிம்புகளிலும் கூட்டமாக நிற்கும். ஒரு குன்று தீர்ந்தால் ஜிபிஎஸ்ஸும், ஒலி அனுப்பி அடித்தளத்தைக் காட்டும் எக்கோ சவுண்டரும் அடுத்த குன்றைக் காட்டிவிடும். ஐஸ் பெட்டி நிறைகிறது, எடை குறையவில்லை, பின்னால் குன்றுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. கடைசிக் குன்று வரைக்கும் கணக்கு நன்றாகவே இருக்கும். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ‘ஆரஞ்சு ரஃபி’ என்ற மீனுக்கு இதுதான் நடந்தது. குன்றுகளில் கூடும் அந்த மீனை 1980களில் அள்ளினார்கள். அது நூறு ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது, இனப்பெருக்க வயதுக்கு வரவே இருபது முப்பது ஆண்டு ஆகும் என்று பிறகுதான் உறைத்தது. 2006இல் ஆஸ்திரேலியா அதைப் பாதுகாப்பு தேவைப்படும் மீன்கள் பட்டியலில் சேர்த்தது.

உங்கள் செப்பிலி நூறு ஆண்டு வாழாது. ஆனால் ஆழத்துச் செப்பிலிகளில் சில நாற்பது ஆண்டைத் தாண்டுகின்றன. முழங்கை நீளம் இருந்த ஒரு மீனின் தலையைப் பிளந்து காதுக்கல்லை எடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. வெங்காயத் தோல் போல மெல்லிய சீவலாக அறுத்து, தேய்த்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் வைத்தால் மர வளையம் மாதிரி கோடுகள் தெரியும், ஆண்டுக்கு ஒன்று. எண்ணினேன், முப்பதைத் தாண்டியது. அந்த மீனைப் பிடித்து வந்த தம்பி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வயது இருபத்தாறு. ‘என்னைவிட மூத்ததா?’ என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. கரைக்கடல் மத்தி ஓராண்டில் முட்டையிடும், இரண்டு நல்ல பருவத்தில் மீண்டுவிடும். இது அப்படி இல்லை. இன்று நீங்கள் காலி செய்யும் குன்று உங்கள் பிள்ளை படகு ஓட்டும் வயதிலும் காலியாகவே இருக்கலாம்.

இப்போது வியாபாரி. முன்பணம் வாங்கியவர் மீனை அவரிடமே கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. எடைக்குத்தான் காசு என்பதால் பெரிய மீனும் சிறிய மீனும் ஒன்றாகவே எடைபோடப்படும். மீன் குறையும் மாதத்தில் கடன் குறையாது. கடனை அடைக்க அதிக முள், அதிக இரவு, இன்னும் தூரத்துக் குன்று என்று போவீர்கள். உருளை வந்துவிட்டால் கைவலி போய்விடும், உண்மைதான். உங்கள் குன்றுகளை இதுவரை ஓரளவு காப்பாற்றி வந்ததே அந்தக் கைவலிதான். உருளை வேண்டுமென்றால் ஆறு பேரும் சேர்ந்து சொந்தப் பணத்தில் ஒன்றிரண்டு வாங்குங்கள், வாங்குவதற்கு முன்பே முள் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு கட்டுங்கள்.

ஈரல் பேரம் இதைவிட மோசம். சில ஆழத்துச் சுறாக்கள் ஒரு ஈற்றில் ஒன்று அல்லது இரண்டு குட்டிதான் போடும்; சினைக்காலமே இரண்டு ஆண்டு அளவு. மாலத்தீவில் 1980 வாக்கில் ஈரல் எண்ணெய்க்காக ஆழத்துச் சுறா பிடிக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் உச்சிக்குப் போய், பிறகு சரிந்து, தொழிலே இல்லாமல் போனது. 2010இல் அந்த நாடு சுறாப் பிடிப்பையே முழுவதும் தடை செய்தது. எண்ணெய் வாங்கியவர்கள் வேறு கடலுக்குப் போனார்கள். மீனவர்கள் எங்கே போவார்கள்? ‘இயற்கைக்கு உகந்த மீன்’ என்று சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்தாலும் இதே எச்சரிக்கைதான்: உங்களிடம் எந்தப் பதிவும் இல்லாமல் வருகிற சான்றிதழ் வெறும் காகிதம்.

அரசுத் துறையிடம் கேட்கலாமே என்பீர்கள். கேளுங்கள், ஆனால் காத்திருக்காதீர்கள். ஒரு கூட்டத்தில் குன்றுவாரியாகப் பிடிப்பைப் பதிவு செய்யச் சொல்லி மன்றாடினேன். ‘மொத்த டன் எவ்வளவு கூடும்?’ என்பதுதான் திரும்பி வந்த ஒரே கேள்வி. படிவத்தில் பாதி ஆழத்து மீன்கள் ‘மற்றவை’ என்ற ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பெரிய எஞ்சினுக்கு மானியம் கிடைக்கும், குன்றை மூடிவைத்தவருக்கு ஒரு நன்றிக் கடிதம்கூட வராது. 2014இல் சிறுதொழில் மீன்பிடிப்புக்கென்று உலக உணவு வேளாண் அமைப்பு வழிகாட்டி வெளியிட்டது. வளத்தை நிர்வகிப்பதில் மீனவர் சமூகத்துக்குப் பங்கு வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. படித்தவர்கள்தான் குறைவு.

ஆகவே நீங்களே தொடங்குங்கள். உங்களுக்குத் தெரிந்த குன்றுகளில் மூன்றில் ஒன்றையாவது முழுவதுமாக மூடுங்கள். ஆறு மாதம் மூடி ஆறு மாதம் திறப்பது இந்த மீனுக்குப் பயன்படாது. ஆண்டுக்கணக்கில் மூட வேண்டும். ஹவாயில் ஆழத்துச் செப்பிலிக்கு 1998 முதல் மூடிய பகுதிகளை வைத்துப் பார்த்தார்கள், 2007 முதல் ஆண்டுக்கு இவ்வளவு எடைதான் என்ற வரம்பும் வந்தது. வரம்பைத் தொட்டால் எல்லோருக்கும் மூடல். ஒரு படகுக்கு இத்தனை முள், இரவில் ஊறப்போடுவது இல்லை என்று உங்களுக்குள் கைகொடுத்துக்கொள்ளுங்கள். சிறுமீன் ஏறினால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள், பெரிய வளைமுள்ளுக்கு மாறுங்கள். சிறுமீன் மாட்டாமல் இருப்பதுதான் அதைக் காப்பாற்றும். போர்ச்சுகலின் மதேரா தீவுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஆயிரம் மீட்டர் அளவு ஆழத்தில் கறுப்பு வாளையைத் தூண்டிலால் பிடித்து வருகிறார்கள். அடிமட்டத்தைச் சுரண்டாத கருவி அது. உங்கள் கையில் இருப்பதும் தூண்டில்தான்.

ஒரு நோட்டு வாங்குங்கள். நடைக்கு ஒரு வரி: எந்தக் குன்று, என்ன ஆழம், எத்தனை முள், எத்தனை மணி நேரம், எத்தனை மீன், அதில் பத்து மீனின் நீளம். குன்றின் பெயர் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்தால் உங்களுக்கு மட்டும் புரியும் எண் கொடுங்கள். ஆறு படகும் எழுத வேண்டும், பொய் எழுதக் கூடாது. ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். எந்தக் குன்றை முதலில் மூடுவது என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.