பெயரை மறைத்தும் அடையாளம் தெரிந்துவிட்டது

இணையத்தின் பொதுக் குழுக்களில் எழுதுவது பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரும் ஊரும் வெளியிடப்படவில்லை. முதல் கடிதத்திலுள்ள வயது, வகுப்பு, நேரம், இடம் போன்ற விவரங்கள், அதை எழுதிய சகோதரியின் சம்மதத்துடன் மாற்றப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவனுக்கு முதல் வகை நீரிழிவு இருப்பது தெரியவந்தது. உறவினர் யாரிடமும் நாங்கள் சொல்லவில்லை. இத்தகைய குழந்தைகளின் பெற்றோர் கூடும் ஃபேஸ்புக் குழு ஒன்றில் வேறு பெயரில் சேர்ந்து சந்தேகங்களைக் கேட்டு வந்தேன். ஊசி போடும் இடத்தை மாற்றி மாற்றிப் போடுவது முதல் தீபாவளிக்கு என்ன தின்னக் கொடுப்பது என்பது வரை அந்தத் தாய்மார்கள்தான் எனக்குக் கற்றுத் தந்தார்கள். சென்ற மாதம் என் நாத்தனார் போன் செய்து, "பிள்ளைக்குச் சர்க்கரையாமே அண்ணி, எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. பெயரே போடாமல் எழுதியதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? இனி அங்கே எழுதாமல் இருப்பதுதான் வழியா?

பதில்: எழுதுவதை நிறுத்த வேண்டாம், சகோதரி. இரவு இரண்டு மணிக்குக் குழந்தையின் சர்க்கரை அளவு இறங்கும்போது என்ன செய்வது என்பதை அந்த நிலையைக் கடந்து வந்த இன்னொரு தாயிடம் கேட்க முடிவது சாதாரண விஷயம் அன்று. அந்த உதவியை விட்டுவிடாமல் எழுதும் முறையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நீங்கள் அனுப்பியிருந்த பதிவின் நகலை ஓர் அந்நியன் படிப்பதுபோல் படித்துப் பார்த்தேன். "பையன் நாலாம் வகுப்பு. இந்த வருடம் பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாறிவிட்டதால் வேன் ஏழு மணிக்கே வந்துவிடுகிறது. அவன் அப்பா வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். காலை ஊசியை எத்தனை மணிக்குப் போடுவது?" என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே ஒரு படம். சாப்பாட்டு மேசையில் இன்சுலின் பேனாவும் சர்க்கரை பார்க்கும் கருவியும் இருக்கின்றன. பின்சுவரில் நகைக்கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறது. படத்தைப் பெரிதாக்கினால் கடையின் பெயரும் கடைத்தெருவின் பெயரும் பளிச்சென்று தெரிகின்றன.

நாலாம் வகுப்பில் படிக்கும் பையன்கள் எத்தனையோ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும் தந்தையரும் அப்படித்தான். ஆனால் காலண்டர் காட்டும் ஊரில், இந்த ஆண்டு இடம் மாறிய பள்ளியில், நாலாம் வகுப்பில், தந்தை வெளியூரில் வேலை பார்க்கும் பையன் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்தால், உங்களை அறிந்தவருக்கு மிஞ்சுவது ஒரே ஒரு வீடுதான். தனியாக எந்த விவரமும் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை; நான்கும் ஒரே பதிவில் சேர்ந்து நின்றதுதான் காட்டிக்கொடுத்தது.

இது ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் செய்தி. அமெரிக்க ஆய்வாளர் லத்தான்யா ஸ்வீனி, அந்நாட்டின் 1990-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஆராய்ந்து, அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்ற மூன்று விவரங்கள் கிடைத்தாலே ஏறத்தாழ 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் கண்டுவிடலாம் என்று 2000-ஆம் ஆண்டு காட்டினார். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம், ஆய்வுக்குப் பயன்படட்டும் என்று, ஏறத்தாழ 6.5 லட்சம் பயனர்கள் மூன்று மாதங்களில் தேடிய தேடல்களைப் பெயர்களை நீக்கிவிட்டு, ஆளுக்கொரு எண் கொடுத்து இணையத்தில் வெளியிட்டது. சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள், ஓர் எண்ணுக்குரிய தேடல்களை மட்டும் வரிசையாகப் படித்து, ஜார்ஜியா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த 62 வயதுப் பெண்மணியின் வீட்டு வாசலுக்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர் தம் பெயரை எங்கும் சொல்லியிருக்கவில்லை. தம் ஊரில் தோட்ட வேலைக்கு ஆள் தேடியிருந்தார், தம் குடும்பப் பெயர் கொண்டவர்களைத் தேடியிருந்தார், தம் உடல் உபாதைகளுக்கும் நாயின் தொல்லைக்கும் வழி தேடியிருந்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. வேறு பெயரில் தொடங்கிய கணக்குக்கும் உங்கள் வழக்கமான கைபேசி எண்ணையே கொடுத்திருந்தால், அந்த எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து, தொடர்புப் பட்டியலைப் பார்க்க ஃபேஸ்புக்குக்கு அனுமதியும் அளித்திருக்கும் உறவினருக்கு, "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று அந்தக் கணக்கு காட்டப்படக்கூடும். பல குழுக்களில் ஒரே புனைபெயரையும் ஒரே முகப்புப் படத்தையும் பயன்படுத்துவதும் அப்படித்தான். சமையல் குழுவில் ஊரைச் சொல்லியிருப்பீர்கள், பழைய பொருள் விற்கும் குழுவில் தெருவைச் சொல்லியிருப்பீர்கள், இங்கே நோயைச் சொல்லியிருப்பீர்கள். மூன்றையும் கட்டும் கயிறு அந்தப் புனைபெயர்.

இனி, அதே கேள்வியை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ஒன்பது வயதுக் குழந்தை. காலை சீக்கிரமே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியிருக்கிறது. ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் நேரத்தை எப்படிச் சரிசெய்துகொள்கிறீர்கள்?" பதில் சொல்பவருக்குத் தேவையான அனைத்தும் இதில் இருக்கிறது. பள்ளியும் பாலமும் அப்பாவின் வேலையும் மனத்தின் பாரத்தோடு சேர்ந்து வந்துவிட்டவை. அவற்றைக் கொட்டித் தீர்க்க ஓர் இடம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. அந்தக் குழுவில் நம்பிக்கைக்குரியவராகத் தோன்றும் ஓரிருவரோடு தொலைபேசியில் பேசுங்கள். படம் போட்டே ஆக வேண்டுமென்றால் கருவியை ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள்.

ஃபேஸ்புக் குழுக்களில், நிர்வாகி அனுமதித்திருந்தால், பெயர் காட்டாமல் பதிவிடும் வசதி இருக்கிறது. மற்ற உறுப்பினர்களுக்கு உங்கள் பெயர் தெரியாது. ஆனால் குழு நிர்வாகிகளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தெரியும். குழு "பொது" வகையா "தனிப்பட்ட" வகையா என்பதையும் பாருங்கள். தனிப்பட்ட குழு என்றாலும் பத்தாயிரம் பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் முடிந்தது கதை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த நோயில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனாலும் யாரிடம் எப்போது சொல்வது என்று முடிவுசெய்யும் உரிமை இன்று பெற்றோரான உங்களுடையது, நாளை அந்தப் பையனுடையது. அவன் இருபது வயதில் தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பார்ப்பான் என்பதை மனத்தில் வைத்து எழுதுங்கள்.

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தந்தையின் அறுவை சிகிச்சைக்கு இரத்தம் தேவைப்பட்டபோது, அவர் பெயர், நோய், வார்டு எண், என் கைபேசி எண் எல்லாவற்றையும் போட்டு எங்கள் ஊர்க் குழுவில் பதிவிட்டேன். இரத்தம் கிடைத்தது. தந்தை பின்னர் காலமாகிவிட்டார். ஆனால் இன்றும் மாதம் ஒருமுறையாவது யாரோ அழைத்து, "இரத்தம் கிடைச்சிடுச்சா சார்?" என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் எனக்குத்தான் தாங்கவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நல்ல மனம் கொண்டவர்கள்தான் அழைக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் செய்தியில் தேதி இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் முதலில் போட்ட பதிவு இன்னும் இருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் நகலெடுத்து அனுப்பப்பட்டவை உங்கள் கையை விட்டுப் போய்விட்டன. அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. இனி இத்தகைய வேண்டுகோளை எழுதும் எல்லோரும் முதல் வரியிலேயே நாள், மாதம், ஆண்டு, நேரம் குறித்து, "இன்ன தேதி மாலை 6 மணி வரை மட்டும்" என்று எழுத வேண்டும். இரத்த வகை, எத்தனை யூனிட், எந்த மருத்துவமனையின் இரத்த வங்கி, உடனிருப்பவரின் எண் ஆகியவை போதும். நோயாளியின் பெயரோ நோயோ கொடையாளருக்குத் தேவையில்லை. இரத்த வங்கி நோயாளியின் பெயரைக் கேட்டால், வருபவரிடம் போனில் சொல்லிக்கொள்ளலாம். பரப்ப விரும்புகிறவர்கள் செய்தியை நகலெடுக்காமல் பதிவின் இணைப்பை மட்டும் அனுப்பினால், தேவை முடிந்ததும் நீங்கள் மூலப் பதிவை நீக்கும்போது அந்த இணைப்பு எல்லா இடத்திலும் செயலற்றுப் போகும். அவசரத்தில் எண்ணைக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், உயிர் முதலில். வீட்டில் கூடுதலாக ஒரு சிம் இருந்தால் அந்த எண்ணைக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் குழுவில் எல்லோருடைய முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் பட்டியலாக்கி வைத்திருக்கிறோம். குழு யாரும் பார்க்கக்கூடியதுதான். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதில் என்ன ஆபத்து?

பதில்: வாழ்த்தில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. ஆதார் இணையதளத்திலிருந்து இறக்கும் இ-ஆதார் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், ஆங்கிலத்தில் உங்கள் பெயரின் முதல் நான்கு பெரிய எழுத்துகளும் நீங்கள் பிறந்த ஆண்டும். வங்கிகளும் கடன் அட்டை நிறுவனங்களும் அனுப்பும் கணக்கறிக்கைகள் பலவற்றுக்கும் பெயரின் நான்கு எழுத்துகளோடு பிறந்த நாளும் மாதமும்தான் சாவி. அச்செடுப்பதற்காக ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு நாம் அனுப்பிவிட்டு வரும் அந்தக் கோப்பு அவர் கணினியிலேயே கிடக்கிறது. அதற்கான சாவியை உங்கள் குழு ஊருக்கே கொடுத்துவைத்திருக்கிறது. பட்டியலை எடுத்துவிட்டு, அன்றன்று வாழ்த்துங்கள்; ஆண்டைச் சொல்லாதீர்கள். ஆதார் நகல் கேட்கும் இடங்களில், ஏற்றுக்கொண்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள்.

கேள்வி: கைபேசியில் பணம் அனுப்பியபோது பணம் போய்விட்டது, கடைக்காரருக்குச் சேரவில்லை. வங்கியின் பொதுப் பக்கத்தில் என் எண்ணோடு புகார் எழுதினேன். பத்தே நிமிடத்தில் "வாடிக்கையாளர் சேவை" என்று அழைப்பு வந்தது. ஒரு செயலியை இறக்கச் சொன்னார்கள். பயந்துபோய் வைத்துவிட்டேன். சரிதானா?

பதில்: மிகச் சரி. இத்தகைய பக்கங்களில் யார் புகார் எழுதுகிறார்கள் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இறக்கச் சொல்வது பெரும்பாலும் உங்கள் திரையை அவர்கள் பார்க்க உதவும் செயலி. உங்கள் புகாரிலிருந்து எண்ணை இப்போதே நீக்கிவிட்டு, பணம் அனுப்பிய செயலிக்குள்ளேயே அந்தப் பரிவர்த்தனையைத் தேர்ந்தெடுத்துப் புகாரைப் பதிவுசெய்யுங்கள். பணம் திரும்ப வருவதற்கு உங்கள் ரகசிய எண்ணை எங்கும் அழுத்தத் தேவையில்லை. ஏமாந்துவிட்டவர்கள் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

கேள்வி: மாணவனாக இருந்த காலத்தில் பொதுக் குழுக்களில் கோபத்தோடு எழுதியவை இன்றும் என் பெயரோடு கிடைக்கின்றன. இப்போது எனக்கு ஐம்பது வயது. அவற்றை நீக்கச் சட்டத்தில் இடமுண்டா?

பதில்: உங்களுக்கு முன்னோடிகள் உண்டு. இணையத்தின் தொடக்க கால விவாத மேடையான யூஸ்நெட்டின் செய்திக் குழுக்களில் எழுதியவர்கள், சில வாரங்களில் மறைந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் எழுதினார்கள். வெளிநாட்டுத் தமிழ் மாணவர்கள் பலர் மொழி, அரசியல், ஈழம் பற்றிச் சூடாக வாதிட்ட சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவும் அவற்றுள் ஒன்று. 1995-இல் டெஜா நியூஸ் என்ற நிறுவனம் அவற்றைச் சேமித்துத் தேடவைத்தது. 2001-இல் கூகுள் அதை வாங்கி, 1981 வரை பின்னோக்கிச் செல்லும் களஞ்சியமாகத் திறந்தது. இருபது வயதில் எழுதியதை நாற்பது வயதில் மேலதிகாரி படிக்க நேரும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசுவாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பின் வந்த 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தரவை நீக்கக் கோரும் உரிமை இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அதன் 3-ஆவது பிரிவைப் படித்துவிட்டு நம்பிக்கை வையுங்கள்: ஒருவர் தம்மைப் பற்றிய தகவலைத் தாமே பொதுவெளியில் வைத்திருந்தால், அந்தத் தகவலுக்கு இச்சட்டம் பொருந்தாது. தம் கருத்துகளை இணையத்தில் எழுதும்போது தம் விவரங்களைத் தாமே வெளியிட்டவரைத்தான் சட்டம் அதற்கு எடுத்துக்காட்டாகவே சொல்கிறது. இந்த விதிவிலக்கு இவ்வளவு விரிவாக இருப்பது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன். அறியாத வயதில் எழுதியவருக்கும் அறிந்தே எழுதியவருக்கும் அது வேறுபாடு பார்ப்பதில்லை.

ஆகவே கைவேலையாகத்தான் செய்ய வேண்டும். உங்கள் பெயரையும் பழைய புனைபெயர்களையும் மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடி, கிடைப்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு இன்னும் திறக்கிறது என்றால் உள்ளே போய் ஒவ்வொரு பதிவாக நீக்குங்கள். ஃபேஸ்புக்கில் செயல்பாட்டுப் பதிவேடு என்ற பகுதியில் பழையவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்கலாம். கணக்கு திறக்காவிட்டால் நிர்வாகிக்கு எழுதுங்கள். நீக்கிய பின்னும் தேடலில் பழைய வரிகள் தெரிந்தால், காலாவதியான முடிவை எடுக்கும்படி கூகுளிடம் கோரலாம். உங்கள் தொலைபேசி எண்ணோ வீட்டு முகவரியோ தெரியும் முடிவுகளை நீக்கவும் கோரிக்கை ஏற்கிறார்கள்; ஆனால் தேடல் முடிவு மட்டுமே போகும், மூலப் பக்கம் அங்கேயே இருக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கோபத்தில் முதலில் கணக்கை மூடிவிடாதீர்கள். ரெடிட் போன்ற விவாதத் தளங்களில் கணக்கை மூடினால் பெயர்தான் போகும், எழுதியவை அப்படியே நிற்கும். பிறகு அவற்றை நீக்க உங்களிடம் சாவி இருக்காது. பதிவுகளை எல்லாம் நீக்கி முடித்த பிறகே கணக்கை மூடுங்கள்.