தீவனக் கொட்டகைப் பூனையும் சினை ஆடுகளும்

கேள்வி: எலிக்காகத் தீவனக் கொட்டகையில் ஒரு பூனை வளர்க்கிறோம். இப்போது மூன்று குட்டிகள். இந்த ஈற்றில் இரண்டு ஆடுகள் குட்டி வீசிவிட்டன (கரு கலைந்துவிட்டது). பூனையால் வந்த நோய் என்கிறார்கள். மருமகள் வேறு கர்ப்பமாக இருக்கிறாள். பூனையை விரட்டிவிடலாமா?

பதில்: விரட்டாதீர்கள். எலி பெருகும், அந்த இடத்துக்கு வேறொரு பூனை வந்துவிடும். நீங்கள் கேள்விப்பட்டது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்னும் பூனைக்கு இது தொற்றும். முதல் முறை தொற்றியபின் ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தில் லட்சக்கணக்கான முட்டைகள் வரும். பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே வயதான தாய்ப்பூனையைவிட, இப்போதுதான் வேட்டை பழகும் குட்டிகளே கவனிக்க வேண்டியவை. தாய்க்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டால் ஆண்டுதோறும் புதுக் குட்டிகள் வராது. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

பூனை உதிரியான தீவனத்திலும் மணலிலும் மலம் கழித்து மூடும். சினை ஆடு அதைத் தின்றால் கரு கலையலாம். அடர்தீவனத்தை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள், வைக்கோல் போரைத் தார்ப்பாயால் மூடுங்கள். மலம் கலந்த தீவனத்தைச் சினை ஆடுகளுக்குப் போடவே கூடாது.

முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் பூனை மலம் கழிக்க வைக்கும் மணல்தட்டைத் தினமும் அள்ளிக் கொட்டித் தட்டில் கொதிக்கும் வெந்நீர் ஊற்றுங்கள். பிளீச்சிங் பவுடர் இந்த முட்டைகளைக் கொல்லாது, பலர் ஏமாறுவது இங்கேதான். ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும்.

மருமகள் மணல்தட்டைத் தொட வேண்டாம். தோட்ட வேலைக்குக் கையுறை, பிறகு சோப்புக் கைகழுவல். காய்களை நன்றாகக் கழுவுங்கள், இறைச்சியை உள்ளே சிவப்பு இல்லாதபடி வேகவையுங்கள், ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். பூனையைத் தடவுவதைவிட மண், கழுவாத காய், வேகாத இறைச்சி, காய்ச்சாத பால் இவற்றில்தான் ஆபத்து அதிகம். குட்டி ஈனும் ஆட்டுக்கு அவர் உதவப் போகக்கூடாது. மகப்பேறு மருத்துவரிடம் இந்த விவரத்தைச் சொல்லுங்கள், தேவையென்றால் ரத்தப் பரிசோதனை செய்வார்.

ஆனால் ஆடு குட்டி வீசப் புருசெல்லா, கிளமிடியா போன்ற பாக்டீரியாக் கிருமிகளும் காரணமாகலாம். பூனை மேல் பழி போடுமுன், கையுறை அணிந்து, வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் ஐஸில் வைத்துக் கால்நடை மருத்துவர் வழியாக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மிச்சத்தைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். நாயோ பூனையோ தோண்டக்கூடாது.