ஜெய்சால்மர் கோட்டை: மாலை 3 மணி நடை, முட்டிவலி உள்ள அம்மா

ராஜஸ்தானின் ஜெய்சால்மரில், ஜனவரியில் மாலை 3 மணிக்குத் தொடங்கி, கோட்டை, சமணக் கோயில்கள், ஹவேலிகள் (பழைய செல்வந்தர் மாளிகைகள்) எல்லாவற்றையும் 3 மணி நேரத்தில் காட்டுவதாக வழிகாட்டி சொல்வதாகவும், அம்மாவுக்கு முட்டிவலி என்றும் சொல்லி, ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த நேரத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். சமணக் கோயில்களுக்குள் வெளியாட்களைப் பெரும்பாலும் முற்பகலில்தான் விடுவார்கள். மாலையில் போனால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். காலை 8:30க்குக் கிளம்புங்கள். தோல் பெல்ட், தோல் பர்ஸை அறையிலேயே வைத்துவிடுங்கள், உள்ளே அனுமதியில்லை.

அம்மாவுக்குச் சிரமம் ஏற்றம்தான். அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று நான்கு வாயில்களைக் (‘போல்’ என்றால் வாயில்) கடந்து வளைந்து ஏறும் கல்பாதை. எதிரியின் யானை வேகமெடுக்கக் கூடாதென்றே அப்படி வளைத்தார்கள். 1156இல் தொடங்கிய கோட்டை. காலடி பட்டுப் பட்டுக் கல் வழவழப்பாகிவிட்டது. ரப்பர் அடிச் செருப்பு அவசியம். மேலே தசரா சதுக்கம்வரை ஆட்டோ விடுகிறார்களா என்று முன்தினமே விசாரியுங்கள். விட்டால் ஏறுவதற்கு ஆட்டோ, இறங்குவதற்கு மெதுநடை. சதுக்கத்தை ஒட்டிய அரண்மனைக்குள் படிகள் குறுகல், வாசல் நிலைகள் தாழ்வு. அம்மா சதுக்கத்திலேயே உட்காரட்டும், முகப்பின் கல்வேலைப்பாடு அங்கிருந்தே நன்றாகத் தெரியும்.

பட்வோன் ஹவேலி கோட்டைக்கு வெளியே, கீழே ஊருக்குள் இருக்கிறது. அதை மாலைக்குத் தள்ளுங்கள்.

வழிகாட்டியிடம் அரசு அடையாள அட்டையைப் பாருங்கள். கட்டணம் ஆளுக்கா, குழுவுக்கா என்பதையும், கடைகளுக்கு அழைத்துப்போகக் கூடாது என்பதையும் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள். நேரம் அங்கேதான் கரையும்.