சுருட்டுப் பெட்டிக்கு ஈரம்

கேள்வி: கனடா அண்ணன் கியூபாச் சுருட்டும் சீடர் மரப் பெட்டியும் கொண்டுவந்தார். திருகோணமலைக் கடற்காற்றே ஈரம்தானே, பெட்டியைத் தயார்படுத்த வேண்டுமா?
– உவர்மலை வாசகர்

பதில்: கட்டாயம் வேணும் தம்பி. காய்ந்த பலகை சுருட்டின் ஈரத்தைத்தான் முதலில் உறிஞ்சும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், நான் துடைத்த பெட்டியின் மூடி கோணி, இன்றும் சரியாக மூடாது. கிண்ணத்தில் காய்ச்சி வடித்த நீர் வைத்து ஒரு வாரம் பூட்டிவிடுங்கள். காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானியைச் சோதிக்க, சோடா மூடியில் உப்பைச் சேறாகக் குழைத்து, அந்த மூடியையும் ஈரமானியையும் பொலித்தீன் பையில் ஒருநாள் இறுக்கிக் கட்டுங்கள், 75 வீதம் காட்டவேண்டும். பெட்டிக்குள் 65 முதல் 70 வீதம் போதும்.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில், பெட்டிக்குள் ஈரம் கொடுக்க வைக்கும் நீர்ப்பஞ்சை அடிக்கடி பாருங்கள். வாடை மழைக்கு அதை வெளியே எடுத்துவிடலாம். நம்மூர் வெக்கைக்குப் புகையிலை வண்டும் பொரிக்கும். சுருட்டில் குண்டூசித் துளை தெரிந்தால் உடனே தனியாக்குங்கள்.