மனைவி தனியாக வரலாமா? – மனநலக் கேள்வி பதில்

சமூக மனநல மையம் ஒன்றில் 22 ஆண்டுகளாகச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை; வீட்டுக்குள் நடப்பதைக் கேட்டு, யார் யாருக்கு என்ன உதவி தேவை என்று பிரித்துப் பார்ப்பது என் வேலை. இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்குமேல் ராணுவக் குடும்பங்களிலிருந்து வந்தவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் போர்முனையிலிருந்து திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. இரவில் நான்கைந்து முறை எழுந்து கதவைச் சரிபார்க்கிறார். எங்கே போனாலும் சுவரில் முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்துத்தான் உட்காருகிறார். நேற்று மகள் தட்டைக் கீழே போட்டதற்கு அவர் கத்திய கத்தலில் அவள் உறைந்துபோனாள். மருத்துவரிடம் போகலாம் என்றால், "எனக்கு ஒன்றுமில்லை, வேலைக்கு உலை வைக்காதே" என்கிறார். என்ன செய்வது அம்மா?

அவர் செய்கிற ஒவ்வொன்றும் அங்கே அவரை உயிரோடு வைத்திருந்த பழக்கம். வாசலைப் பார்த்து உட்கார்ந்தவன் பிழைத்தான். சத்தம் கேட்டவுடன் துள்ளியவன் பிழைத்தான். ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார், உடம்பு இன்னும் காவலில் நிற்கிறது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம், "உனக்குப் பைத்தியமா" என்ற சொல் அந்த வீட்டில் எழவே கூடாது.

முதல் உலகப் போரின்போது, 1915இல், சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் இதைக் 'குண்டு அதிர்ச்சி' என்ற பெயரில் மருத்துவ இதழில் எழுதினார். அதன் பிறகும் நெடுங்காலம் இதைக் கோழைத்தனம் என்று ஏசியவர்களே அதிகம். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்' என்று தனி இடம் கிடைத்தது. நடந்தது கனவாகவோ நினைவாகவோ திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, மனம் மரத்துப்போவது அல்லது தன்னையே குற்றம் சொல்வது, எப்போதும் விழிப்பாக இருப்பது என நான்கு வகை அறிகுறிகள். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஆகிவிட்டது. அந்த நோய்தான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. காத்திருக்க வேண்டாம் என்று சொல்ல முடியும்.

அவரிடம் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். "இந்த வாரம் மூன்று இரவு, இரண்டு மணிக்கு நீங்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்" என்று சொன்னால் அதை மறுக்க முடியாது. தூக்கத்துக்காக மருத்துவரைப் பார்க்க ஒப்புக்கொள்ளும் ஆண்கள், மனதுக்காகப் பார்க்க ஒப்புவதில்லை. பரவாயில்லை, எந்த வாசல் வழியாக நுழைந்தால் என்ன? வேலை பற்றிய அவருடைய பயத்தையும் அலட்சியம் செய்ய வேண்டாம். ராணுவ மருத்துவரிடம் சொல்வதற்கும் வெளி மையத்தில் சொல்வதற்கும் ரகசிய விதிகள் வேறுபடலாம். "நான் சொல்வது யார் யாருக்குப் போகும்?" என்று முதல் சந்திப்பிலேயே அவர் கேட்கலாம், கேட்க வேண்டும்.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் அது ஒரு பூட்டிலும் குண்டுகள் வேறொரு பூட்டிலும் இருக்கட்டும். சண்டை நடக்கும் நேரத்தில் இதைப் பேச வேண்டாம். அவர் கை ஓங்கினால் மட்டும் இந்தப் பொறுமை எதுவும் பொருந்தாது: மகளுடன் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், பிறகு பேசலாம்.

கடைசியாக, நீங்கள் தனியாக வாருங்கள். அவர் வராமல் எதற்கு என்று கேட்காதீர்கள். இரண்டு மாதமாக நீங்களும் தூங்கவில்லை. முதலில் மனைவி மட்டும் வந்து, ஐந்தாவது வாரம் கணவர் வாசலில் வண்டியில் காத்திருந்து, எட்டாவது வாரம் உள்ளே வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சைகளில் சில, வாரம் ஒன்றாக எட்டு முதல் பதினைந்து அமர்வுகளில் முடிகின்றன. பலருக்கு நல்ல பலன் கிடைக்கிறது.

கேள்வி: அப்பா பணிக்குக் கிளம்பிய வாரத்திலிருந்து ஐந்து வயது மகன் மறுபடி படுக்கையை நனைக்கிறான். அண்ணனுக்கு ஒன்பது வயது, அவன் சமர்த்தாக இருக்கிறான்.

சின்னவனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வளர்ந்த பிள்ளை கொஞ்ச நாள் குழந்தையாகிப் பார்க்கிறான். திட்டாமல் விரிப்பை மாற்றுங்கள். உறங்கும் நேரம், கதை சொல்லும் நேரம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். சிறுநீர் கழிக்கும்போது வலித்தாலோ அதிகத் தாகம் இருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எனக்கு அந்தச் 'சமர்த்து' அண்ணன்மீதுதான் கண். இப்படி ஒரு பையனை அவனுடைய அம்மா பல்வலி என்று அழைத்துப்போக, பல் மருத்துவர் எங்களிடம் அனுப்பினார். பல்லில் பழுதில்லை, இரவெல்லாம் நறநறவென்று கடித்திருக்கிறான். தினமும் எல்லாரும் படுத்த பிறகு எழுந்து அடுப்புக் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்ப் படுப்பானாம். விடைபெறும்போது அப்பா, "இனி நீதான் இந்த வீட்டு ஆண்பிள்ளை, அம்மாவைப் பார்த்துக்கொள்" என்று சொல்லியிருக்கிறார். அன்பாகத்தான் சொன்னார். ஒன்பது வயதுக்காரன் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டான். அடுத்த தொலைபேசி அழைப்பில் அப்பா அந்த உத்தரவைத் திரும்பப் பெற்ற பிறகுதான் பையன் அடுப்பை விட்டான். உங்கள் பெரியவனிடமும் யாராவது அப்படிச் சொன்னார்களா என்று விசாரியுங்கள். அந்த வாக்கியத்தைத் தடை செய்ய எனக்கு அதிகாரம் இருந்தால் நாளைக்கே செய்துவிடுவேன்.

கேள்வி: மகளுக்குப் பத்து வயது. பள்ளி நாட்களில் காலையில் மட்டும் வயிற்றுவலி. நடிக்கிறாளா?

வலி உண்மை. பதற்றம் குடலைப் பிடிக்கும் என்பது தேர்வுக்குப் போன எல்லாருக்கும் தெரியும். உடல் காரணம் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, பள்ளியில் யார், எந்த வகுப்பு, எந்த இடைவேளை என்று நிதானமாகக் கேளுங்கள். "வலிக்கிறதா, சரி வீட்டிலேயே இரு" என்பதை மட்டும் வழக்கமாக்காதீர்கள். ஒவ்வொரு விடுப்பும் அடுத்த நாளை இன்னும் கடினமாக்கும்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கி எட்டு நாள். குமட்டல்தான் மிச்சம். நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். பொதுவாக இந்த மருந்துகளின் பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்; முழுப் பலனுக்கு இன்னும் கூடுதல் நாள். குமட்டல் முன்னால் வரும், நிம்மதி பின்னால் வரும். இந்த வரிசை கொடுமைதான். மருத்துவரிடம் சொல்லுங்கள். மனம் திடீரென்று மோசமானாலோ உயிரை விடும் எண்ணம் வந்தாலோ, அதுவும் 25 வயதுக்குட்பட்டவர் என்றால், அன்றே சொல்லுங்கள்.

கேள்வி: தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிட மாட்டோமா?

மாட்டோம். நேராகக் கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. "ஆம்" என்றால் தனியே விடாமல், கைக்கெட்டும் ஆபத்தான பொருள்களை அகற்றி, உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

கேள்வி: போரில் அண்ணன் காணாமல் போய் ஆறு ஆண்டு. உடல் கிடைக்கவில்லை. அண்ணி காத்திருக்கிறார், அப்பா இறுதிச் சடங்கு செய்ய வேண்டும் என்கிறார். வீடு இரண்டாகிவிட்டது.

அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமல் போன ராணுவத்தினரின் குடும்பங்களைச் சந்தித்துப் பேசினார். ஆள் இல்லை, மரணமும் இல்லை என்ற இந்த நிலைக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று அவர் பெயரிட்டார். இதில் துக்கம் உறைந்து நிற்பது மனிதரின் பலவீனத்தால் வருவதில்லை, சூழ்நிலையே அப்படிப்பட்டது. அப்பாவும் சரி, அண்ணியும் சரி, இருவரையும் ஒரே முடிவுக்கு இழுக்காதீர்கள். ஒருவர் நம்பலாம், மற்றவர் அழலாம், ஒரே வீட்டில். அண்ணனுடைய பிறந்த நாளில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுவதற்கு முடிவு எதுவும் தேவையில்லை. அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: பெரிய மருத்துவமனை இருக்கும்போது இந்தச் சமூக மையம் எதற்கு?

அமெரிக்காவில் 1963இல் அன்றைய அதிபர் கென்னடி சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். பழைய மனநோய் விடுதிகள் காலியாயின. ஆனால் அவற்றுக்கு ஈடாகப் போதிய மையங்கள் எழவில்லை. வெளியே வந்தவர்களில் பலர் தெருவிலும் சிறையிலும் முடிந்தார்கள். கட்டடத்தை மூடுவது எளிது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் வேறு வழி கண்டார்: 2006 முதல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்தருகே மரப்பலகை ஒன்றில் உட்கார வைத்தார். வருகிறவர் பேசுவார், பாட்டி கேட்பார், இருவருமாக ஒரு சிக்கலைத் தேர்ந்து வழி தேடுவார்கள். 2016இல் வெளியான ஆய்வில் அதன் பலன் உறுதியானது. தீவிர நோய்க்கு மருத்துவமனை வேண்டும். அங்கிருந்து வீடு திரும்பிய அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நாங்கள் வேண்டும்.

கேள்வி: மனைவி இதில் எழுதச் சொன்னாள். ராணுவத்தில் 14 ஆண்டு. எனக்குத் தூக்கம் மட்டும்தான் பிரச்சினை. இரண்டு பெக் போட்டால் அதுவும் சரியாகிவிடுகிறது.

மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். மூன்று மணிக்கு விழிப்பு வருகிறதென்றால் அதற்கும் பங்கு இருக்கலாம். தினமும் அதிகம் குடிப்பவராக இருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேட்டுக் குறையுங்கள்.

தூக்கத்துக்காகவே வாருங்கள் தம்பி. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது விழித்தீர்கள், விழித்ததும் என்ன செய்தீர்கள் என்று ஒரு வாரம் குறித்து எடுத்து வாருங்கள். எந்த நாற்காலியில் உட்காருவது என்பது உங்கள் விருப்பம். எங்கள் அறையில் வாசலைப் பார்த்தபடி ஒன்று இருக்கிறது.